பால் கடைவாய்ப்பல்லில் பயோடென்டின்: கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

சொத்தை நரம்புவரை போய்விட்ட பால் பல்லில், மேல்பக்க நரம்பை மட்டும் எடுத்துவிட்டு வேருக்குள் இருக்கும் நரம்பை உயிரோடு காப்பாற்றும் சிகிச்சைக்குப் பல்ப்பாட்டமி என்று பெயர். எடுத்த இடத்தில் எதை வைத்து மூடுவது என்ற விவாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. ஃபார்மோக்ரெசால், ஃபெரிக் சல்பேட், எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்ஸைடு அக்ரிகேட் என்ற சிமெண்ட்) என்று வந்த வரிசையில் இப்போது பலர் கை நீட்டுவது செப்டோடான்ட் நிறுவனத்தின் பயோடென்டின் என்ற கால்சியம் சிலிகேட் சிமெண்டை நோக்கி. இந்த மதிப்புரை அதைப் பற்றியது. கூடவே, அது இல்லாமல் பாதி வேலையாகவே நின்றுவிடும் ஸ்டீல் கிரௌனை, அதாவது பல்லின் மேல் மாட்டும் உலோக மூடியைப் பற்றியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொருள் நல்ல பொருள். நரம்பின் மேல் அது செய்யும் வேலையை எம்.டி.ஏ.வும் ஏறக்குறைய அப்படியே செய்கிறது. பயோடென்டின் முந்துவது நேரத்தில். சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடுவதால், நாலு வயதுக் குழந்தை வாய் திறந்திருக்கும் அதே அமர்வில் கிரௌனையும் ஒட்டி அனுப்ப முடிகிறது. ஆனால் தவறான பல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் கேப்ஸ்யூலில் இருக்கும் எதுவும் அதைக் காப்பாற்றாது. தோல்வி என்று திரும்பி வரும் பல்ப்பாட்டமிகளில் மருந்தைக் குறை சொல்ல இடமிருப்பது கொஞ்சம்தான்.

எந்தப் பல்லுக்கு

பால் பல்லின் எனாமல் சுமார் 1 மி.மீ. கனம், நிரந்தரப் பல்லில் இருப்பதில் பாதி. நரம்பு அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது. முன்பக்கத்து நரம்புக் கொம்பு மேலே ஏறி நிற்கும். இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில், வெளியே ஒரு பழுப்பு நிழலாகத் தெரியும் சொத்தை உள்ளே நரம்பைத் தொட்டிருப்பது இதனால்தான். இன்னொரு விஷயம்: நரம்பு அறையின் தரையில் நுண்ணிய துணைக் கால்வாய்கள் உண்டு. அதனால் கிருமி வேர் நுனிக்குப் போகும் முன்பே வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பைத் தின்னத் தொடங்கிவிடும். வேர் நுனியை மட்டும் பார்த்து "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பார்க்க வேண்டியது வேர்களுக்கு நடுவே. அங்கே கறுப்பு விழுந்திருந்தால் பல்ப்பாட்டமி பேச்சே வேண்டாம்.

வலியின் வரலாறு எக்ஸ்ரே அளவுக்கே முக்கியம். சாப்பிடும்போது, குளிர்ச்சி பட்டபோது வலிக்கிறது, எடுத்துவிட்டால் நின்றுவிடுகிறது என்றால் வேர் நரம்பு பிழைக்க வாய்ப்புண்டு. தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறது, காரணமே இல்லாமல் வலி வந்து நெடுநேரம் நிற்கிறது என்றால் உள்ளே ஏற்கெனவே அழுக ஆரம்பித்திருக்கும். ஈறில் கொப்புளம், சீழ், வீக்கம், வயதுக்கு மீறிய ஆட்டம், வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு வழியைத்தான் யோசிக்க வேண்டும். பெற்றோரிடம் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. "ராத்திரி எழுந்தானா?", "ஒரு பக்கமாகவே மெல்லுகிறானா?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இதே அளவுக்கு நடக்கிறது. வலியே இல்லாத, நரம்பு இன்னும் திறக்காத ஆழச் சொத்தைக்கும் நரம்பை எடுத்துவிடுகிறார்கள். ஓரமெல்லாம் சுத்தமாகச் சுரண்டி, நரம்புக்கு நேர் மேலே உள்ள கடைசி அடுக்கை மட்டும் தொடாமல் விட்டு, இறுக்கமாக மூடிவிட்டால் போதும். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்கு அடிப்படையான ஆய்வுத் தொகுப்பில், 24 மாத முடிவில் இந்த முறையின் வெற்றி நூற்றுக்கு 94 அளவில் இருந்தது. எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்த்த பல்ப்பாட்டமிக்கு 80களின் தொடக்கம். ஆகவே பயோடென்டின் கேப்ஸ்யூலை உடைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நரம்பைத் திறக்கத்தான் வேண்டுமா என்பது.

ரத்தம் சொல்வதைக் கேட்பது

மரப்பு ஊசியில் கணக்கு வேண்டும். லிடோகெயினுக்கு உச்ச வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி. 2 சதவீத லிடோகெயின் உள்ள 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 36 மி.கி. இருக்கிறது. இரண்டு போட்டால் 72. வரம்பு தாண்டிவிட்டது. மேலும் கீழுமாக நாலு பல்லை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் இந்தக் கூட்டலை முதலில் எழுதிப் பார்க்கட்டும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு) போடாமல் செய்யும் பல்ப்பாட்டமிக்கு இந்த மருந்தை வாங்குவதே வீண். எச்சில் ஒரு சொட்டு நரம்பு அறைக்குள் போனால், அதுவரை கிருமி இல்லாமல் இருந்த வேர் நரம்புக்கு நாமே கிருமியை ஊட்டியதாகிறது. இதே காரணத்துக்காகத்தான், சொத்தை முழுவதையும் எடுத்து முடித்த பிறகே நரம்பு அறையின் கூரையைத் திறக்க வேண்டும். பாதிச் சொத்தையை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் பர் (பல்லைக் குடையும் சுழல்முனை) சுற்றும்போதே அழுக்கு கீழே இறங்கிவிடும்.

கூரையைத் திறந்ததும் நரம்புக் கொம்புகளுக்கு மேலே தொங்கும் விளிம்பு எதுவும் மிச்சமில்லாதபடி எடுக்க வேண்டும். கூரான ஸ்பூன் எக்ஸ்கவேட்டராலோ (கரண்டி முனைச் சுரண்டுகருவி), மெதுவாகச் சுழலும் பெரிய உருண்டை பராலோ மேல் நரம்பை அள்ளலாம். தரையில் பரை அழுத்தவே கூடாது. பால் பல்லின் தரை மெல்லியது, ஒரு நொடி போதும் ஓட்டை விழ. எக்ஸ்கவேட்டர் மொக்கையாக இருந்தால் நரம்பு வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். பிய்ந்த நுனி நிற்காமல் கசியும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். சலைனால் கழுவி, சலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சு உருண்டையை வேர்க் கால்வாய்களின் வாய்களின் மேல் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காய்ந்த பஞ்சு வேண்டவே வேண்டாம். இழை உறைந்த ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உறைவையும் சேர்த்துப் பிடுங்கி மறுபடி ரத்தம் வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம். மணியைப் பார்த்தே பிடிக்க வேண்டும், குத்துமதிப்பாகப் பிடிக்கும் ஐந்து நிமிடம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம்தான். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கால்வாய் வாயிலும் சின்னச் சிவப்புப் புள்ளி, சமமாக வெட்டப்பட்டு, கசியாமல் நிற்க வேண்டும்.

நிற்கவில்லையென்றால் முதலில் மூலைகளைப் பாருங்கள். கூரை விளிம்புக்கு அடியில் ஒரு துணுக்கு நரம்பு ஒட்டியிருந்தாலும் கசியும். அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை அழுத்துங்கள். அப்போதும் நிற்காமல், நிறமும் கருஞ்சிவப்பாக இருந்தால் வீக்கம் வேருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்தது வேர் நரம்பையும் சேர்த்து எடுக்கும் பல்ப்பெக்டமி, அல்லது பல்லையே எடுப்பது. கால்வாய் ஒன்றில் ரத்தமே இல்லை, காய்ந்து கிடக்கிறது என்றாலும் அதே முடிவுதான். அந்த வேர் செத்துவிட்டது.

இந்த இடத்தில் ஃபெரிக் சல்பேட்டை வைத்து ரத்தத்தை வம்படியாக நிறுத்திவிட்டுப் பயோடென்டினால் மூடும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. 15.5 சதவீத ஃபெரிக் சல்பேட் 15 நொடியில் எந்த ரத்தத்தையும் நிறுத்தும், கெட்ட நரம்பின் ரத்தத்தையும். நோய் அறிய நமக்கிருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வேலையை முடிக்கிறோம். ஆறு மாதம் கழித்து ஈறில் கொப்புளம் வரும்போது பழி மருந்தின் மேல் விழுகிறது.

கேப்ஸ்யூலும் ஐந்து சொட்டும்

பெட்டிக்குள் இருப்பவை இரண்டுதான்: 0.7 கிராம் பொடி அடங்கிய கேப்ஸ்யூல், ஒருமுறை மட்டும் பயன்படும் திரவ பிப்பெட். பொடியில் பெரும்பகுதி ட்ரைகால்சியம் சிலிகேட், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஸிர்கோனியம் ஆக்ஸைடு. திரவத்தில் சீக்கிரம் இறுகச் செய்யும் கால்சியம் குளோரைடும், தண்ணீர்த் தேவையைக் குறைக்கும் ஒரு பாலிமரும். இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்ஸைடு வெளிவந்து சுற்றுப்புறத்தை நல்ல காரமாக்குகிறது. அதன் அடியில் நரம்பு தானே ஒரு கடினப் பாலத்தைக் கட்டிக்கொள்கிறது.

கலக்கும்போது செய்யும் சின்னத் தவறுகள்தான் பலருக்கும் இந்தப் பொருளின் மேல் கசப்பை உண்டாக்குகின்றன. கேப்ஸ்யூலை மேசையில் லேசாகத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ள வேண்டும். கட்டியாக அடியில் ஒட்டிய பொடி கலவாது. பிப்பெட்டையும் தட்டித் திரவத்தைக் கீழே இறக்கி, பிறகு திருகித் திறந்து, நேர் செங்குத்தாகப் பிடித்து ஐந்து சொட்டு. சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும், காற்றுக் குமிழோடு விழுந்த சொட்டு சொட்டாகாது. நாலு சொட்டு போட்டால் மணல் மாதிரி உதிரும். ஆறு போட்டால் கூழாக ஓடும், இறுக நேரமாகும், வலுவும் குறையும். பிறகு நிமிடத்துக்கு 4,000 முதல் 4,200 சுற்று வேகத்தில் 30 நொடி. கேப்ஸ்யூலைக் குலுக்கிக் கலக்கும் பழைய அமால்கமேட்டர் இயந்திரங்களின் வேகம் இதற்குப் போதாமல் போகலாம், இயந்திரத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகக் கலந்தால் கெட்டி மாவு மாதிரி, கரண்டியில் பளபளப்பு மங்கி, உருட்டினால் உருளும் பதம் வரும். கையில் வேலை செய்ய ஆறு நிமிடம் போல இருக்கிறது. இதை ஈரப் பஞ்சு உருண்டையால் நரம்பு அறைக்குள் மெல்லத் தட்டி இறக்குங்கள். அடித்து அமுக்க வேண்டாம். 2 முதல் 3 மி.மீ. கனம் போதும், அறை முழுவதையும் நிரப்பினாலும் குற்றமில்லை. அதன்பின் 12 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் கரைந்து குழி விழும், ஊதிக் காய வைத்தால் விரிசல் விடும். நேரமாகிறதே என்று ஏழாவது நிமிடத்தில் கிரௌனுக்காகப் பல்லைச் சீவத் தொடங்குபவர்கள் உண்டு. நீர்ப் பீச்சோடு சுழலும் பர் அப்போது செய்வது மருந்தைக் கழுவி வெளியேற்றும் வேலை. புத்திசாலித்தனமான வழி, நரம்பைத் திறக்கும் முன்பே மேற்பரப்பையும் பக்கங்களையும் சீவி, கிரௌன் அளவையும் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வது. இறுகியதும் மேலே கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புச் சிமெண்ட், உடனே கிரௌன்.

கேப்ஸ்யூலைத் திறந்தால் முழுவதும் தீர்ந்தாக வேண்டும், பாதியை நாளைக்கு வைக்க முடியாது என்பது நிஜமான குறை. ஒரு பால் பல்லுக்குத் தேவையானதைவிட அதிகம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் சிகிச்சை என்றால் இரண்டிலும் ரத்தம் நின்ற பிறகு கலக்கச் சொல்லுங்கள். ஒரே கேப்ஸ்யூல் இரண்டுக்கும் வரும். இன்னொரு குறை, எக்ஸ்ரேயில் இது டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல் அடுக்கு) அளவுக்கே மங்கலாகத் தெரியும். எம்.டி.ஏ. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, "உள்ளே மருந்தே வைக்கவில்லையோ" என்ற சந்தேகம் வரும். வேறு கிளினிக்குக்குப் போகும் குழந்தையின் சீட்டில் பொருளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

எம்.டி.ஏ.வை 1993இல் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். பால் பல் பல்ப்பாட்டமியில் அதிகம் சோதிக்கப்பட்ட நவீனப் பொருள் இன்றும் அதுதான். மேலே சொன்ன தொகுப்பில் 24 மாத வெற்றி 90ஐ ஒட்டி. முதல் வடிவம் இறுக 2 மணி 45 நிமிடம் போல ஆகும். ஈர மணலைப் போலக் கையாள அடம் பிடிக்கும். அதிலுள்ள பிஸ்மத் ஆக்ஸைடு பல்லைக் கறுக்கடிக்கும் என்பதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். முன்பல்லில் அது நியாயமான கவலை. ஸ்டீல் கிரௌனுக்கு அடியில் இருக்கும் கடைவாய்ப்பல் கறுத்தால் யாருக்கு என்ன? அதை வைத்து மட்டும் யாரும் பயோடென்டினுக்கு மாற வேண்டியதில்லை.

ஃபார்மோக்ரெசாலைப் பற்றி அளந்து பேச வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் பக்லி 1904இல் கொண்டுவந்த கலவை அது, ஃபார்மால்டிஹைடு 19 சதவீதம், கிரெசால் 35 சதவீதம். 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பல்லில் வைக்கும் பஞ்சிலிருந்து உடலுக்குள் போகும் அளவு மிகச் சிறியது, முன்பு அந்தச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோர் பதற வேண்டியதில்லை. வெற்றியும் 85ஐ ஒட்டி நல்லபடியாகவே இருந்தது. ஆனால் அது நரம்பைப் பதப்படுத்தி வைக்கிறது, பயோடென்டினும் எம்.டி.ஏ.வும் நரம்பை வாழவிடுகின்றன. கையில் நல்லது இருக்கும்போது பழையதைத் தொட ஒரு காரணமும் தெரியவில்லை.

தனிக் கால்சியம் ஹைட்ராக்ஸைடு மட்டும் வேண்டாம். பால் பல்லில் அதை வைத்தால் வேரின் உள்சுவர் தானே கரையும் கோளாறு அடிக்கடி வருகிறது. 24 மாத வெற்றியும் மற்றவற்றைவிட மிகக் குறைவு.

ஸ்டீல் கிரௌன்

மருந்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் இன்னும் எத்தனையோ பற்கள் பிழைக்கும். நரம்பு எடுத்த பால் பல் ஒரு ஓடு மாதிரி. பக்கச் சுவர் உடைந்த பல்லில் வெறும் ஃபில்லிங் வைத்தால் சில மாதத்தில் விளிம்பு விட்டுக் கசியும், கிருமி கீழே இறங்கும், அருமையாக இறுகிய பயோடென்டினும் அங்கே தனியாக நின்று எதுவும் செய்ய முடியாது. 1950 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த உலோக மூடியை அழகு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது வருத்தமான விஷயம்.

மேற்பரப்பில் 1 முதல் 1.5 மி.மீ. சீவ வேண்டும். பக்கங்களில் மெல்லிய பரால் பக்கத்துப் பல் தொடாத அளவு மட்டும். அடியில் படி மாதிரி ஒரு விளிம்பு நின்றுவிட்டால் கிரௌன் அங்கே தட்டி உட்கார மறுக்கும். ஆட்கள் பெரிய அளவு கிரௌனை எடுத்துப் போராடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் படிதான். கன்னப் பக்கத்துப் புடைப்பைச் சீவாமல் விடுங்கள், கிரௌனைப் பிடித்து வைப்பதே அது. ஒவ்வொரு பல்லுக்கும் 2 முதல் 7 வரை ஆறு அளவுகள் வரும், 4உம் 5உம்தான் முதலில் தீரும். உட்காரும் அளவுகளில் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். நாக்குப் பக்கம் வைத்துக் கன்னப் பக்கம் உருட்டி அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம், விரலுக்கே தெரியும். ஈறு ஒரு கணம் வெளுக்கும். விளிம்பு ஈறுக்குக் கீழே 1 மி.மீ. போனால் போதும். அதற்கு மேல் நீண்டால் கத்தரித்து, இடுக்கியால் உள்நோக்கி வளைத்து, மழுங்கத் தேய்த்துவிட வேண்டும்.

ஐந்து வயதில் இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லுக்குப் போடும்போது இன்னொரு கவனம். அதன் பின்விளிம்பு நீண்டிருந்தால், ஆறு வயதில் பின்னால் முளைத்து வரும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒட்டிய பின் பற்களுக்கு நடுவே முடிச்சுப் போட்ட ஃப்ளாஸை இழுத்து மிச்ச சிமெண்டை எடுப்பதையும் மறக்கிறார்கள், ஈறு வீங்கிப் போய் "கிரௌன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று குழந்தை திரும்பி வரும். அளவு பார்க்கும்போது தொண்டைப் பக்கம் காஸ் துணி வைத்துக்கொள்ளுங்கள். எச்சிலில் வழுக்கும் இந்தச் சின்ன உலோகம் மூச்சுக்குழலுக்குள் போவது விளையாட்டல்ல.

வெள்ளை நிற ஸிர்கோனியா கிரௌன் கேட்கும் பெற்றோர் அதிகரித்திருக்கிறார்கள். முன்பல்லுக்குச் சரி. கடைவாய்ப்பல்லில் அதற்காக இன்னும் நிறையச் சீவ வேண்டும், வளைத்துப் பொருத்த முடியாது, ஒட்டும்போது ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் பிடிமானம் போய்விடும். நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் அங்கேயும் ஸிர்கோனியா என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போன பிறகு

மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். கடித்த உதடு மறுநாள் வீங்கி வெள்ளைப் படலம் கட்டியதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து ஓடிவருவது வழக்கம். முதல் நாளிரண்டு ஈறு நோவும். ஒரு வாரம் தாண்டியும் வலி, தானாக வரும் வலி, ஈறில் முகப்பரு மாதிரிக் கொப்புளம், கன்ன வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது.

ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, பிறகு ஆண்டுக்கு ஒன்று. உலோக மூடி நரம்பு அறையை மறைத்துவிடும், பார்க்க வேண்டிய வேர்ப் பிரிவு மறையாது. அங்கே கறுப்பு, அல்லது வேருக்குள் முட்டை வடிவில் அரிப்பு தெரிந்தால் தோல்வி. வேர்க் கால்வாய் சுருங்கிக் காணாமல் போயிருந்தால் கவலை வேண்டாம், உயிரோடிருக்கும் நரம்பு உள்ளே டென்டினைக் கட்டிக்கொண்டே போயிருக்கிறது.

கிரௌனை எப்போது கழற்றுவீர்கள் என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். கழற்றுவதே இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அடியிலிருந்து நிரந்தரப் பல் ஏறி வரும்போது வேர் கரைந்து, பால் பல் தன் உலோக மூடியோடும் உள்ளே இறுகிய பயோடென்டினோடும் சேர்ந்தே விழுந்துவிடும்.